ஓநாயைப் புதைத்தவள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வேலை முடிந்து வந்து படிக்க, சிரிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தம்பியிடம் கேட்டிருந்தேன். ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட்டின் 'விட்சஸ் அப்ராட்' நாவலை வாங்கிக் கொடுத்தான். மூன்று சூனியக்காரிகள் துடைப்பத்தில் ஏறித் தூரதேசம் போகிறார்கள். அங்கே சிண்ட்ரெல்லா மாதிரி ஒரு பெண் இருக்கிறாள். அவள் இளவரசனைக் கட்டிக்கொள்ளாமல் தடுக்கவேண்டும், அதுதான் வேலை. எல்லாமே தலைகீழாக இருக்கிறதே என்று ஆசையாக ஆரம்பித்தேன். மூவரில் ஒருத்தியான நானி ஆக் வீட்டுக்கு எழுதும் கடிதங்களைப் படித்து நான் சிரித்த சிரிப்பில், அடுத்த அறையில் இருந்த கணவர் எழுந்துவந்து என்ன என்று கேட்டார்.

பிறகு அந்த ஓநாய் வந்தது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் வருமே, அதே ஓநாய். அது தன்னைக் கொன்றுவிடச் சொல்லும் இடத்தில் புத்தகத்தை மூடினேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

முடித்த பிறகும் சில கேள்விகள் போகவில்லை. இதை நகைச்சுவை நாவல் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கதைகள் மனிதர்களைப் பிடித்து ஆட்டுகின்றன, அவற்றை நம்பாதே என்று ஒரு கதைசொல்லியே சொல்வது எந்த விதத்தில் நியாயம்? இன்னொன்றைக் கேட்கக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. என் மகளுக்கு ஆறு வயது. தினமும் இரவில் சிண்ட்ரெல்லா கதை கேட்பாள். இந்த நாவலுக்குப் பிறகு என்னால் அதைச் சரளமாகச் சொல்ல முடியவில்லை. நிறுத்திவிடலாமா?

அன்புடன்,
க., திருச்சி


அன்புள்ள க.,

நீங்கள் புத்தகத்தை மூடிவைத்த பக்கத்தில்தான் நானும் முதல் வாசிப்பில் நின்றேன். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன், நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

1991-இல் வெளிவந்த நாவல் இது. டிஸ்க்வேர்ல்ட் என்ற கற்பனை உலகத்தை வைத்து பிராட்செட் எழுதிய வரிசையில் மொத்தம் 41 நாவல்கள், இது பன்னிரண்டாவது. லாங்கர் என்ற சின்னஞ்சிறு மலைநாட்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். யாருக்கும் வளைந்துகொடுக்காத வெதர்வாக்ஸ் பாட்டி. பேரன் பேத்தி, குடி, கும்மாளம் என்று நிறைந்து வாழும் நானி ஆக். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் இளம்பெண் மாக்ரட். இவர்களுக்குத் தெரிந்த இன்னொரு கிழவி சாகும்போது தன் மந்திரக்கோலை மாக்ரட்டுக்கு விட்டுச்செல்கிறாள். ஜெனுவா என்ற நகரத்தில் எம்பரெல்லா என்று ஒரு பெண் இருக்கிறாள், அவள் இளவரசனை மணக்காமல் பார்த்துக்கொள் என்பது கட்டளை. மற்ற இருவரும் கூடப் போகக்கூடாது என்றும் எழுதிவைக்கிறாள். அப்படி எழுதினால்தான் அவர்கள் கட்டாயம் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சிண்ட்ரெல்லா என்ற பெயரில் சாம்பல் இருக்கிறது. எம்பரெல்லாவின் பெயரில் இருப்பது தணல். சாம்பலுக்குள் நெருப்பு அணையவில்லை என்பதைப் பெயரிலேயே வைத்துவிட்டார்.

ஜெனுவாவை ஆள்பவள் லிலித். அவளும் சிண்ட்ரெல்லா கதையில் வருவதுபோன்ற ஒரு தேவதைதான். தன் நகரத்தில் எல்லாம் கதைகளில் வருகிறபடியே நடக்கவேண்டும் என்று முடிவுசெய்துவிட்டவள். தெருக்கள் துடைத்துவைத்தாற்போல் இருக்கவேண்டும். சமையல்காரி பருமனாகவும் கலகலப்பாகவும் இருக்கவேண்டும். பொம்மைக்காரர் பாட்டுப் பாடிக் குழந்தைகளுக்குக் கதை சொல்லவேண்டும். அப்படி இல்லாத ஒரு பொம்மைக்காரரைக் காவலர்கள் பிடித்துக்கொண்டுபோகிறார்கள். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். பொம்மைக்காரராக இருந்துகொண்டு கதையில் வரும் பொம்மைக்காரரைப்போல இல்லாமல் போய்விட்டார்.

இனி ஓநாய்க்கு வருகிறேன்.

சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697-இல் பிரெஞ்சில் அச்சேற்றிய பெரோவின் வடிவத்தில் சிறுமி பிழைப்பதில்லை. ஓநாய் விழுங்குவதோடு கதை முடிந்துவிடுகிறது. 1812-இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்து மீட்கிறான். இரண்டிலும் ஓநாய் பேசுகிறது. பாட்டியின் படுக்கையில் படுத்துக்கொண்டு ஏமாற்றுகிறது. சின்ன வயதில் நாம் யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. பிராட்செட் கேட்டார். ஓநாய் பேசவேண்டுமானால், வேஷம் போடவேண்டுமானால், அதற்குள் ஒரு மனித மனம் இருந்தாக வேண்டும். அந்த மனத்தை யார் அதற்குள் வைத்தது? வைத்த பிறகு அந்த உயிர் என்ன பாடுபட்டது?

அது மனிதனைப்போல நினைக்கிறது. ஆனால் கை இல்லை. நாக்கு சொல்லுக்குப் பழகவில்லை. ஓநாயின் இயல்பும் கலைந்துவிட்டதால் வேட்டையாடத் தெரியவில்லை. பட்டினி. கூட்டத்திலும் இடமில்லை, ஊரிலும் இடமில்லை. லிலித் அந்தக் காட்டில் எங்கும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவள் வெகுதொலைவில் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். ஒரு கதை ஓடவேண்டும், அதற்கு ஒரு ஓநாய் தேவைப்பட்டது. அந்த ஓநாய்மேல் அவளுக்குப் பகைகூடக் கிடையாது. என்னை உலுக்கியது அதுதான். பகை இருந்திருந்தாலாவது அந்த உயிர் அங்கே இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

மரம்வெட்டியின் கோடரியில் அது சாகிறது. அதுவே கேட்டுக்கொண்ட சாவு. அதன்பிறகு வெதர்வாக்ஸ் பாட்டி அந்த உடலை முறையாகப் புதைக்கவேண்டும் என்று சொல்கிறாள். எத்தனையோ தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் கதையில் ஓநாய்க்கு ஒரு குழி வெட்டவேண்டும் என்று யாருக்காவது தோன்றியதா? கல்லை வயிற்றில் வைத்துத் தைத்தார்கள். தோலை உரித்து எடுத்துப்போனார்கள். ஒரு கிழவிதான், செத்தது ஒரு உயிர், அதை அடக்கம் செய்யவேண்டும் என்கிறாள்.

பிராட்செட் 1965-இல், பதினேழு வயதில், இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் ஓர் உள்ளூர் இதழில் நிருபராகச் சேர்ந்தவர். வேலையில் சேர்ந்த மூன்று மணி நேரத்தில் முதல் பிணத்தைப் பார்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதே இதழில் குழந்தைகளுக்குக் கதைகளும் எழுதிக்கொண்டிருந்தார். காலையில் விபத்து, மாலையில் குழந்தைக் கதை. ஓநாயின் சாவை அலங்காரமாக ஆக்காமல் அவர் எழுதியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பதினேழு வயதுப் பையன் நினைவுக்கு வருகிறான்.

நீங்களும் 'சூனியக்காரி' என்றே எழுதியிருக்கிறீர்கள். வேறு வழியில்லை, நம்மிடம் இருக்கும் சொல் அதுதான். ஆனால் அந்தச் சொல்லோடு பில்லி, செய்வினை, முச்சந்தியில் உடைத்த பூசணிக்காய் எல்லாம் சேர்ந்து வந்துவிடுகின்றன. லாங்கரின் பெண்கள் செய்யும் வேலையைப் பாருங்கள். நானி ஆக் பிரசவம் பார்ப்பவள். பாட்டி நோயாளியின் தலைமாட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பாள். செத்தவரைக் குளிப்பாட்டிக் கிடத்துவாள். மந்திரத்தை முடிந்தவரை தொடமாட்டாள், ஆட்களின் மனதை அறிந்து நடந்துகொள்வதே பாதி வைத்தியம் என்பாள். தமிழில் இவளுக்கு நெருக்கமான சொல் 'மருத்துவச்சி'. இங்கிலாந்தின் லங்காஷயரில், பெண்டில் மலைப்பக்கத்து வழக்கில் 1612-ஆம் ஆண்டு பத்துப் பேரைச் சூனியக்காரிகள் என்று தூக்கிலிட்டார்கள். பெரும்பாலும் ஏழைப் பெண்கள். கிழவி, தனியாக இருப்பவள், கோபத்தில் ஏதோ முணுமுணுத்தவள், ஆகவே சூனியக்காரி. அதுவும் ஒரு கதைதான். அதற்குள் இழுத்துப் போடப்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. இந்த வரலாறு உள்ள மண்ணிலிருந்து ஒருவர் சூனியக்காரியை நாயகியாக வைத்து, கதைகளின் பிடியைப் பற்றி எழுதுகிறார் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அடுத்து உங்கள் இரண்டாவது கேள்வி. கதைசொல்லியே கதையைப் பழிக்கலாமா?

அவர் எதைப் பழிக்கிறார் என்பதற்கு நாவலில் ஒரு பொருள் திரும்பத்திரும்ப வருகிறது. கண்ணாடி. லிலித் இரண்டு கண்ணாடிகளை எதிரெதிராக வைத்து நடுவில் நிற்பவள். அவளுடைய பிம்பம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை ஆயிரம் பிம்பம் இருந்தாலும் எல்லாம் ஒன்றே. ஒன்றாவது தலையைத் திருப்பாது. லிலித்துக்குக் கதை என்றால் அதுதான். ஒரே வடிவம், ஒரே முடிவு. ஆட்கள் மட்டும் மாறுவார்கள்.

வாய்மொழியாகச் சொல்லப்படும் கதை இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கில நாட்டாரியல் ஆய்வாளர் 1893-இல் சிண்ட்ரெல்லா கதையின் 345 வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே சீனத்தில் எழுதிவைக்கப்பட்ட யே சியன் கதையில் அந்தப் பெண்ணுக்கு உதவுவது ஒரு மீனின் எலும்பு. கிரிம் கதையில் தேவதையே கிடையாது. தாயின் சமாதியில் வளர்ந்த மரமும் அதில் வந்து உட்காரும் பறவையும்தான் உடை கொடுக்கின்றன. நாட்டார் கதைகளைத் தொகுத்த ஏ.கே. ராமானுஜன் எடுத்துக்காட்டிய கன்னடக் கதையில் அவள் பெயர் ஹஞ்சி. களிமண் முகமூடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறாள், போன இடத்தில் சமையல் வேலை செய்கிறாள். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பெரோவின் 1697 புத்தகத்தில் வருபவை. அந்த ஒன்றைத்தான் நாம் எல்லோரும் ஒரே கதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரோ அந்தத் தேவதையை 'ஞானத்தாய்' என்றே சொல்கிறார், அதாவது ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் பெண். நம் ஊர் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்றும் புழங்கும் சொல். லிலித்தும் அப்படிப் பொறுப்பேற்றுக்கொண்டவள்தான். அதனால்தான் அவளை வெறும் கொடுங்கோலியாக நினைத்துத் தள்ளிவிட முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒரு பெரியம்மா இருந்தார்கள். எல்லோருக்கும் நல்லதையே நினைத்தவர்கள், கையில் இருப்பதை எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். யார் என்ன படிக்கவேண்டும், யாரைக் கட்டிக்கொள்ளவேண்டும், எந்த ஊரில் குடியிருந்தால் குடும்பம் விளங்கும் என்பதெல்லாம் அவர்கள் மனதில் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. நாங்கள் அந்த எழுத்துக்குள் போய் நிற்காதபோது அவர்கள் உண்மையாகவே அழுதார்கள். அந்த அழுகையில் பொய் கிடையாது. லிலித்தைப் படித்தபோது அவர்கள் நினைவு வந்து வெகுநேரம் தொண்டை அடைத்தது. லிலித் கடைசிவரை தன்னை நல்லவள் என்றே நம்புகிறாள். நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கத்தானே இவ்வளவும் செய்தேன் என்கிறாள். அவளுடைய தங்கை வெதர்வாக்ஸ் பாட்டி சொல்லும் பதிலின் சாரம் இது: மக்களுக்கான நல்ல உலகத்தை அவர்களுக்காக நீ கட்டிவைக்க முடியாது, கட்டினால் அது கூண்டு.

ஆமாம், தங்கை. அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. அக்கா தறிகெட்டுப் போனதால், வீட்டில் மிஞ்சியவள் நல்லவளாக இருந்தே தீரவேண்டும் என்று ஆகிவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்தக் கோபத்தைச் சுமந்துகொண்டுதான் பாட்டி நல்லது செய்கிறாள். அவளுக்கும் ஒரு பாத்திரம் திணிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதை அறிந்தே, ஒவ்வொரு நாளும் தானாகத் தேர்ந்து எடுத்துக்கொள்கிறாள். முடிவில் இருவரும் கண்ணாடிக்குள் சிக்கும்போது மரணதேவன் இருவரிடமும் தனித்தனியாக ஒன்றையே சொல்கிறான்: எண்ணற்ற பிம்பங்களில் உண்மையானவள் யார் என்று கண்டுபிடித்தால் வெளியே போகலாம். லிலித் ஒவ்வொரு பிம்பமாகத் தேடி ஓடத் தொடங்குகிறாள். பாட்டி குனிந்து தன்னையே பார்த்து, இவள்தான் என்கிறாள். நாவல் முழுக்க ஓடிவந்த அத்தனையும் அந்த ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிடுகிறது.

ராமானுஜனைப் பற்றிச் சொன்னதால் அவர் தொகுத்த இன்னொரு கன்னடக் கதையும் நினைவுக்கு வருகிறது. ஒரு வீட்டுக்காரிக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் தெரியும். யாருக்கும் சொல்லமாட்டாள், பாடமாட்டாள். உள்ளேயே அடைபட்டுக் கிடந்த இரண்டும், ஒருநாள் அவள் வாய் திறந்து தூங்கும்போது தப்பித்து வெளியே வந்துவிடுகின்றன. கதை ஒரு ஜோடிச் செருப்பாகி வாசலில் கிடக்கிறது. பாட்டு ஓர் ஆணின் கோட்டாகி ஆணியில் தொங்குகிறது. புருஷன் வந்து பார்த்துவிட்டு யார் வந்தது என்று சண்டை பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் படுக்கப் போய்விடுகிறான். அங்கே ஊரில் அணைத்த விளக்குகளின் சுடர்கள் எல்லாம் ராத்திரியில் கூடிப் பேசும். அவன் வீட்டுச் சுடர் தாமதமாக வந்து நடந்ததைச் சொல்ல, அவனுக்கு உண்மை தெரிகிறது. அதற்குள் அவளுக்குக் கதையும் பாட்டும் மறந்துபோயிருக்கும்.

கதைக்கு உயிர் உண்டு, அதற்கு ஒரு விருப்பம் உண்டு என்று இந்தக் கதையும் நம்புகிறது, பிராட்செட்டின் நாவலும் நம்புகிறது. கன்னடக் கதை தன்னை வெளியே விடச் சொல்கிறது. லிலித்தின் ஊரில் கதை ஆட்களைத் தனக்குள்ளே வரச் சொல்கிறது. பிராட்செட் இந்த இரண்டாவதோடு சண்டை போடுகிறார். அந்தச் சண்டைக்கு அவரிடம் இருந்த ஆயுதமும் கதைதான் என்பதில் எனக்கு முரண் எதுவும் தெரியவில்லை. பாம்பைப் பற்றி எச்சரிக்கப் பாம்பு பிடிப்பவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இனி சிரிப்பு. இதை நகைச்சுவை நாவல் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதில் சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். மாக்ரட் எதற்கு மந்திரக்கோலை ஆட்டினாலும் எல்லாம் பூசணிக்காயாகிறது. நானியின் பூனை கிரீபோவை மனிதனாக்குகிறார்கள். கறுப்பு உடையில் அழகனாக நிற்கிறான், ஆனால் உள்ளே அதே பொல்லாத கடுவன் பூனைதான். கதையிலேயே மிகப் புனிதமான பொருளான கண்ணாடிச் செருப்பு, நானி ஆக்கின் காலுக்குப் பொருந்தித் தொலைக்கிறது. அவளோ பேரன் பேத்தி எடுத்தவள், வாயைத் திறந்தால் கொச்சைப் பாட்டு. கதை விரித்த வலைக்குள் மனிதர்களின் உடம்பும் பழக்கமும் பசியும் அடங்கவில்லை. அடங்காத இடத்தில் எல்லாம் சிரிப்பு வெடிக்கிறது. நீங்கள் சிரித்ததும் நீங்கள் கலங்கியதும் ஒரே இடத்திலிருந்துதான். உள்ளே அடங்காமல் திமிறியபோது சிரித்தீர்கள். திமிற முடியாமல் ஓர் உயிர் அழுந்தியபோது புத்தகத்தை மூடினீர்கள்.

இன்னொன்றும் உண்டு. இவ்வளவு சிரிப்புள்ள நாவலின் மைய மனுஷிக்கு நகைச்சுவை சொல்ல வராது. ஒருவன் கடைக்குப் போய் முதலைக்கறி சாண்ட்விச் கேட்கிறான், சீக்கிரம் கொடு என்கிறான். ஆங்கிலத்தில் 'சீக்கிரம்' என்பதற்கும் 'வெடுக்கென்று கடிப்பது' என்பதற்கும் பொருந்தும் ஒரு சொல் இருக்கிறது, நகைச்சுவையே அந்தச் சொல்லில்தான். வெதர்வாக்ஸ் பாட்டி அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லைப் போட்டுச் சொல்கிறாள். சொல்லிவிட்டு ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று பார்க்கிறாள். திரும்பவும் முயன்று பார்க்கிறாள். உலகத்தை உள்ளபடியே பார்க்கிறவளுக்கு ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருப்பது பிடிபடவே இல்லை. அவள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை அந்த இடங்களில் அன்பாக மாறியது.

ஜெனுவாவின் சமையலறையையும் விட்டுவிடக் கூடாது. அந்த நகரம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸை வைத்து எழுதப்பட்டது. சதுப்பு நிலம், திருவிழா ஊர்வலம், கம்போ என்ற குழம்பு. 'கம்போ' என்ற பெயரே ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சொல்லும் காயும் பிரெஞ்சுக்காரர் சட்டியில் சேர்ந்து ஆன குழம்பு. ஹெய்ட்டிப் புரட்சிக்குப் பின், 1809-ஐ ஒட்டிய மாதங்களில் ஹெய்ட்டியைவிட்டு வெளியேறியவர்களில் ஒன்பதாயிரத்துக்கும் அதிகமானோர் கியூபா வழியாக அந்த நகரத்துக்கு வந்து இறங்கினார்கள். வூடூ வழிபாட்டை அங்கே வேரூன்றச் செய்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நாவலில் சதுப்புநிலத்துக் குடிசையில் இருக்கும் திருமதி கோகோல் அந்த மரபில் வருபவள். அவளுடைய எர்சூலி என்ற முதற்பெயரும், சேவலின் லெக்பா என்ற பெயரும் ஹெய்ட்டியில் வணங்கப்படும் தெய்வங்களின் பெயர்கள். லிலித்தின் வெள்ளைச் சுவர்களுக்குள் இந்த வாசனை எதுவும் வரக்கூடாது. நானி ஆக் சமையலறைக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்க்கும்போதுதான் உண்மையான ஊர் எது என்று நமக்குத் தெரிகிறது. எனக்கு அந்தச் சமையலறைப் பக்கங்கள் அரண்மனைக் காட்சிகளைவிட உயர்ந்தவையாகத் தோன்றின.

குறையும் சொல்லவேண்டும். வழிப்பயணம் நீளமாக இருக்கிறது. காளைகளை ஓடவிடும் ஊர் போன்ற சில பகுதிகளை எடுத்துவிட்டாலும் நாவலுக்கு ஒன்றும் குறையாது. அதைவிடப் பெரிய மனக்குறை எம்பரெல்லாவைப் பற்றியது. அவளுடைய விருப்பம் முக்கியம் என்பதற்காகத்தான் இத்தனை போராட்டமும். ஆனால் அவள் மனதுக்குள் நாம் போகவே இல்லை. மாற்றாந்தாய் வீட்டுச் சகோதரிகளின் இடத்தில் இருக்கும் இரண்டு பாம்புகள் நினைவில் நிற்கும் அளவுக்குக்கூட அவள் நிற்பதில்லை. மாப்பிள்ளையோ லிலித் மனிதனாக்கி வைத்திருக்கும் தவளை. அவனைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம். பாட்டிமேல் இருந்த காதலில் பிராட்செட் அந்தப் பெண்ணை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். நிறுத்தவேண்டாம்.

என் பாட்டி ஒரே ராஜகுமாரன் கதையை வருஷக்கணக்கில் சொன்னாள். ஆற்றில் வெள்ளம் வரும், ராஜகுமாரன் அக்கரைக்குப் போயாகவேண்டும். நான் அழுதால் பரிசல்காரன் வருவான். சேட்டை செய்த நாளில் பரிசலில் ஓட்டை இருக்கும். பாதியில் தூங்கிவிட்டால் மறுநாள் இரவுவரை ராஜகுமாரன் கரையிலேயே நிற்பான். எது சரியான கதை என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. சொல்பவளும் கேட்பவனும் அந்த இரவில் எப்படி இருந்தோமோ அப்படி இருந்தது கதை. நீங்கள் ஹஞ்சியைச் சொல்லுங்கள். யே சியனைச் சொல்லுங்கள். மீனின் எலும்பு உடை கொடுத்ததா என்று அவள் கண்ணை விரிப்பாள். அந்தச் செருப்பு ஊரில் வேறு யார் காலுக்காவது பொருந்திவிட்டால் என்ன ஆகும் என்று அவளையே கேளுங்கள். ஆறு வயதுக் குழந்தையின் பதில் நம்மால் யோசிக்க முடியாததாக இருக்கும். பெரோவின் கதையையும் மறைக்கவேண்டாம். கண்ணாடிச் செருப்பு அழகான கற்பனை. அவளுக்கு அதுவும் வேண்டும்.

அடுத்து என்ன படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இதற்கு முன்கதையான 'வியர்ட் சிஸ்டர்ஸ்' 1988-இல் வந்தது, அது மூவரும் ஒன்றுசேர்ந்த கதை. ஆனால் நீங்கள் முதலில் 1992-இல் வந்த 'லார்ட்ஸ் அண்ட் லேடீஸ்' நாவலை எடுங்கள், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதில் அவரே பதில் வைத்திருக்கிறார். மாக்ரட் அரண்மனையில் தனியாக மாட்டிக்கொள்கிறாள். எதிரிகள் உள்ளே வந்துவிட்டார்கள். அங்கே பழங்கால வீரராணி இன்சியின் படமும் கவசமும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து அவளுக்குத் தைரியம் வருகிறது. கவசத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து சண்டை போடுகிறாள். யாருக்கும் அடங்கி நிற்கவேண்டியதில்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது. நாவலின் முடிவில் நமக்கு ஒரு விஷயம் சொல்லப்படுகிறது. இன்சி என்று ஒரு ராணி இருந்ததே கிடையாது. முன்பு ஓர் அரசன் அவளைக் கற்பனை செய்தான். அந்தக் கவசம் நானி ஆக்கின் முன்னோர் ஒருவர் தகரத் தொட்டியையும் பாத்திரங்களையும் தட்டிச் செய்தது.

மாக்ரட்டிடம் இதை யாரும் சொல்வதில்லை.

அன்புடன்.